பழைய மர வளையத்திலிருந்து வருடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி: திடீர்க் காலநிலை மாற்றங்களுக்குத் தேதி குறிக்கும் முழு வழிகாட்டி

ஜெர்மனியில் பான் நகருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி லாகர் ஸீ என்று ஓர் ஏரி இருக்கிறது. படகு விடுகிறார்கள், கரையில் குழந்தைகள் ஓடுகிறார்கள். ஆனால் அந்த ஏரி ஓர் எரிமலையின் வாய். கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில் அது வெடித்தது. கொதிக்கும் சாம்பல் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, அங்கே இருந்த பாப்லர், பிர்ச் மரங்களை அப்படியே மூடிவிட்டது. சாம்பலின் மெல்லிய படலம் ஐரோப்பாவின் பல ஏரிகளின் அடிச் சேற்றில் இன்றும் ஒரு கோடாகத் தெரிகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் யங்கர் டிரையஸ் என்ற கடுங்குளிர் வந்தது. சூடேறிக்கொண்டிருந்த பூமியின் வட பாதி சில பத்தாண்டுகளில் மறுபடி பனியுகக் குளிருக்குத் திரும்பி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. எரிமலைதான் அந்தக் குளிரைக் கொண்டுவந்தது என்று சொன்னவர்கள் உண்டு. ஏரிச் சேற்றின் அடுக்குகளை எண்ணி வெடிப்புக்குக் கொடுத்திருந்த தேதி சுமார் 12,880 ஆண்டுகளுக்கு முன். கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் குளிர் தொடங்கும் இடமும் அதற்குப் பக்கத்திலேயே இருந்ததால் சந்தேகம் இயல்பாகவே எழுந்தது.

2021-இல் அந்தப் புதைந்த மரங்களின் வளையங்களை அளந்து, மெல்லத் தேயும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14-இன் அளவைப் பார்த்து, வெடிப்பின் தேதியை 13,006 ஆண்டுகளுக்கு முன் என்று நிறுவினார்கள். பிழை ஒன்பது ஆண்டுகள், இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். சாம்பல் கோடு நகர்ந்ததும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்த ஏரிக் கணக்குகளும் நகர்ந்தன. ஐரோப்பாவில் யங்கர் டிரையஸ் தொடங்கியது 12,807 ஆண்டுகளுக்கு முன் என்று ஆனது, பிழை 12 ஆண்டுகள். எரிமலைக்கும் குளிருக்கும் நடுவே சுமார் 200 ஆண்டு இடைவெளி விழுந்துவிட்டது. 200 ஆண்டு கழித்து வந்த குளிருக்கு அந்த வெடிப்பை நேரடிக் காரணம் என்று சொல்ல முடியாது.

நூறு சொச்சம் ஆண்டு நகர்ந்ததும் குற்றவாளி மாறிவிட்டார். திடீர் மாற்றம் என்ற சொல்லுக்கே தேதி இருந்தால்தான் பொருள். ஒரு பழங்கட்டையில் தொடங்கி ஒரு வருட எண்ணில் எப்படிப் போய் முடிப்பது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், வளையம் என்றால் என்ன

பட்டைக்கு அடியில் மெல்லிய உயிர்ப் படலம் ஒன்று இருக்கிறது. குளிர் நாட்டு மரத்தில் அது வசந்தத்தில் விழித்து, பெரிய, மெல்லிய சுவர் கொண்ட செல்களை உள்பக்கமாக அடுக்குகிறது; அந்தப் பகுதி வெளிர் நிறம். கோடை முடிய முடிய செல்கள் சிறுத்து, சுவர் தடித்து, நிறம் கறுக்கிறது. குளிர்காலத்தில் வேலை நிறுத்தம். மறு வருடம் கறுப்புக்கு வெளியே மறுபடி வெளிர். இந்த ஜோடிதான் ஒரு வருடம். கடைசி வளையம் பட்டைக்கு உள்பக்கம், முதல் வளையம் நடுத்தண்டில்.

படி 1: கஷ்டப்பட்ட மரத்தைத் தேடுங்கள்

ஆற்றோரத்தில் வளமான மண்ணில் சொகுசாக வளர்ந்த மரம் காலநிலை பற்றி வாயைத் திறக்காது. எல்லா வருடமும் ஒரே மாதிரி தடித்த வளையம். நமக்கு வேண்டியது ஏதோ ஒன்றின் பற்றாக்குறையில் வளர்ந்த மரம். மலையில் இதற்கு மேல் மரம் இல்லை என்ற எல்லையில் நிற்பது வெப்பத்தைச் சொல்லும். வறண்ட சரிவில் பாறையைப் பிடித்து நிற்பது மழையைச் சொல்லும். கலிபோர்னியாவின் வெண்மலைகளில் நிற்கும் பிரிசில்கோன் பைன்கள் இதற்குப் பேர்போனவை. 1957-இல் எட்மண்ட் ஷுல்மன் அங்கே 4,000 ஆண்டு தாண்டிய உயிருள்ள மரங்களைக் கண்டார். வளர்ச்சி மிக மெதுவாக இருப்பதால் ஒரு வளையத்தைத் தலைமுடி அகலத்தில்கூடப் பார்க்கலாம்.

உயிருள்ள மரம் எவ்வளவு கிழமானாலும் பனியுகம் வரை போகாது. அதற்குப் புதைந்த மரம் வேண்டும், அதுவும் காற்றுப் புகாத இடத்தில் புதைந்தது. காற்று இல்லையென்றால் பூஞ்சை இல்லை, பூஞ்சை இல்லையென்றால் உளுத்துப்போவதும் இல்லை. அயர்லாந்தின் சதுப்பு நிலக் கரிமண்ணில் ஓக் மரங்கள் கறுத்துப்போய்க் கிடைக்கின்றன. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவற்றை வைத்து 7,000 ஆண்டுகளுக்கும் மேல் ஒரு தொடர் வரிசை கட்டினார்கள். ஜெர்மனியில் ரைன், மைன், டான்யூப் ஆறுகளின் சரளைக் குழிகளில் கிடைத்த ஓக், பைன் கட்டைகளால் ஆனது ஹோஹன்ஹைம் வரிசை. 2004-இல் வெளியானபோது அது 12,460 ஆண்டு நீளம். சூரிச் நகரின் பின்ஸ் பகுதியில் 2013-இல் ஒரு கட்டடத்துக்குத் தோண்டியபோது களிமண்ணுக்குள் 256 பைன் அடிக்கட்டைகள் கிடைத்தன. நியூஸிலாந்தில் கௌரி மரங்கள் 42,000 ஆண்டு பழமையானவைகூடச் சதுப்பில் கிடைக்கின்றன, அதில் ஒன்று 1,700 ஆண்டு வாழ்ந்த மரம்.

இந்தத் துறையின் பெரிய கண்டெடுப்புகளில் பல பொக்லைன் ஓட்டியவர்கள் தந்தவை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கறுத்த அடிக்கட்டை வந்தால் ஒரு போன் போடச் சொல்லி வைத்திருப்பதுதான் இந்தப் படியில் பாதி வேலை.

படி 2: பட்டையை விட்டுவிடாதீர்கள்

உயிருள்ள மரத்தில் பென்சிலைவிட மெல்லிய குச்சி ஒன்றைத் துளைக்கருவியால் எடுப்பார்கள், மரம் பிழைத்துக்கொள்ளும். புதைந்த கட்டையென்றால் ரம்பத்தால் குறுக்கே ஒரு வட்டு அறுத்து எடுப்பதுதான் முறை. முழு வட்டு இருந்தால் ஒரு பக்கம் வளையம் காணாமல் போயிருந்தாலும் மறுபக்கம் பிடித்துவிடலாம்.

அறுக்கும் முன் பட்டை எங்கே மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். பட்டையோ, பட்டைக்கு உடனடி உள்பக்கமோ இருந்தால் மரம் செத்த வருடமே கிடைக்கும், சில சமயம் பருவமும் கிடைக்கும். கடைசி வளையத்தில் வெளிர் பாகம் மட்டும் இருந்து கறுப்பு வராமல் நின்றிருந்தால், வளரும் பருவத்துக்கு நடுவிலேயே மரம் செத்துவிட்டது என்று பொருள். பட்டை போய்விட்டால் வைரத்துக்கு (நடுவிலிருக்கும் கறுத்த மரம்) வெளியே வெள்ளை (ஓரத்து வெளிர் மரம்) எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். ஓக் மரத்தில் வெள்ளையில் வழக்கமாக எத்தனை வளையம் இருக்கும் என்பது ஊருக்கு ஊர் தெரியும் என்பதால் ஒரு மதிப்பீடு சொல்லலாம். வெள்ளையும் போய் வைரம் மட்டும் என்றால், 'இந்த வருடத்துக்குப் பிறகு' என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது.

ஈரமாகக் கிடைத்த கட்டையை உடனே பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். ஆயிரமாயிரம் ஆண்டு தண்ணீரில் ஊறியது வெயிலில் அரை நாள் கிடந்தால் சுருங்கி விரிசல் விட்டுவிடும். விரிசல் ஓடிய இடத்தில் வளையம் எண்ண முடியாது. இடம், ஆழம், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதையெல்லாம் அங்கேயே எழுதிவிட வேண்டும். நாளைக்கு நினைவிருக்கும் என்று நினைப்பது வீண்.

படி 3: தேய்ப்பது

ரம்பம் அறுத்த முகத்தில் ஒன்றும் தெரியாது. காய்ந்த கட்டையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்: முதலில் சொரசொரப்பானது, பிறகு நைசானது, கடைசியில் கண்ணாடி மாதிரி ஆகிற வரை மிக நைசானது. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழித்த பிறகுதான் அடுத்தது. ஈரக் கட்டையைத் தேய்க்க முடியாது. புது பிளேடால் மெல்லிசாகச் சீவி, துளைகளில் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தடவினால் வளையம் துலங்கும்.

ஒருமுறை மரவாடியில் கழிவாகக் கிடந்த தேக்குத் துண்டு ஒன்றை வாங்கிவந்து வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். கரடாகத் தேய்த்துவிட்டு எண்ணியபோது 41 வளையம். இன்னும் இரண்டு நாள் நைஸ் தாளால் தேய்த்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால் 39. இரண்டு இடத்தில் நான் வருட எல்லை என்று நினைத்த கோடு, நடுவில் வந்த ஒரு வறட்சிக்கு மரம் போட்ட பொய்க் கோடு. அதன் ஓரம் படிப்படியாக மங்கியது. உண்மையான எல்லை கத்தியால் வெட்டியது போல் நின்றது. வெறும் எண்ணிக்கையை நம்பக் கூடாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

படி 4: அளப்பது

நுண்ணோக்கிக்கு அடியில் நகரும் மேசை. திருகைச் சுழற்றினால் கட்டை நகரும், ஒவ்வொரு எல்லையிலும் பொத்தானை அழுத்தினால் அகலம் கணினியில் ஏறும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளப்பது வழக்கம். மரத்தின் மேலேயே பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு போவார்கள்: பத்தாண்டுக்கு ஒரு புள்ளி, ஐம்பதுக்கு இரண்டு, நூறுக்கு மூன்று. நடுவில் யாராவது கூப்பிட்டுக் கணக்கு விட்டுப்போனால் புள்ளி காப்பாற்றும். ஒரு கட்டையில் குறைந்தது இரண்டு திசையில் அளக்க வேண்டும். இந்தப் படி சலிப்பானது. அதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

படி 5: குறுக்குப் பொருத்தம்

இந்தத் துறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் இதற்கு எடுபிடி.

ஒரு மரத்தை எண்ணினால் வயது கிடைக்கும், தேதி கிடைக்காது. வயதுகூட நம்ப முடியாது. கடுமையான வருடத்தில் சில மரங்கள் வளையமே போடுவதில்லை, அல்லது தண்டின் ஒரு பக்கம் மட்டும் போடும். சில வருடம் இரண்டு போட்டதாகத் தெரியும். ஆனால் ஒரே வட்டாரத்து மரங்கள் அனைத்தும் ஒரே வெயிலையும் ஒரே குளிரையும் அனுபவித்தவை. அதனால் குறுகல்-அகலம்-குறுகல் என்ற வரிசை எல்லாவற்றிலும் ஒரே தாளத்தில் விழும். ஒன்றின் தாளத்தை இன்னொன்றின் மேல் வைத்து நகர்த்தி, எங்கே பொருந்துகிறது என்று கண்டால், காணாமல் போன வளையமும் பொய் வளையமும் தானாகவே பிடிபடும். பத்து மரங்கள் ஒரு வருடத்தைச் சொல்ல, ஒன்று மட்டும் அதன்பிறகு ஒரு வருடம் தள்ளியே போகிறதென்றால் தப்பு அதில்தான்.

இதை முறையாக்கியவர் ஏ. ஈ. டக்ளஸ், ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரத்தில் பதிந்திருக்கிறதா என்று தேடப்போய் இதில் மாட்டிக்கொண்டார். 1937-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மர வளைய ஆய்வகத்தைத் தொடங்கியவரும் அவரே. அவர் பயன்படுத்தியது வெறும் வரைகட்டத் தாள். குறுகிய வளையத்துக்கு நீளமான கோடு, சாதாரண வளையத்துக்குக் கோடே இல்லை. தாளைப் பக்கத்தில் வைத்து நகர்த்தினால் கோடுகள் ஒன்றோடொன்று நேராக வரும் இடம் கண்ணில் படும். தென்மேற்கு அமெரிக்கப் பழங்குடியினரின் பாழடைந்த குடியிருப்புகளில் கிடைத்த உத்தரங்களை வைத்து 585 ஆண்டு நீள வரிசை ஒன்று கட்டிவிட்டார். ஆனால் அது இன்றைய காலத்தோடு ஒட்டவில்லை, நடுவில் இடைவெளி. 1929-இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கருகிய உத்தரம் ஒன்று கிடைத்தது. எச்எச்-39 என்று பெயரிட்ட அந்தக் கட்டை இரண்டு பக்கமும் பொருந்தி இடைவெளியை அடைத்தது. ஒரே கட்டையால் எத்தனையோ இடிபாடுகளுக்கு வருடம் கிடைத்துவிட்டது. அந்த வரிசையிலேயே 1276 முதல் 1299 வரை ஒரு பெரும் வறட்சியும் தெரிந்தது.

இன்று இந்த வேலையைக் கணினி செய்கிறது. அதற்கு முன் ஒரு திருத்தம் வேண்டும்: எல்லா மரமும் இளமையில் அகலமாகவும் முதுமையில் குறுகலாகவும் வளையம் போடும். அந்த வயதுச் சரிவைக் கழித்த பிறகே இரண்டு மரங்களை ஒப்பிட முடியும். பிறகு புள்ளியியல். ஐரோப்பிய ஓக் வரிசைகளுக்கு டி-மதிப்பு (பொருத்தம் எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்) 3.5-க்கு மேல் வந்தால் கவனிக்கலாம் என்பது 1973-லிருந்து வழங்கும் அளவுகோல். கோஃபெச்சா என்ற நிரல் வரிசையைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு இடம் மாறி நிற்கிறது என்று காட்டும். ஆனால் கணினி 'பொருந்துகிறது' என்று சொன்னதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐயாயிரம் ஆண்டு வரிசையில் 40 வளையத் துண்டு ஒன்றை ஓடவிட்டால் எங்காவது ஒட்டத்தான் செய்யும். நூறு வளையத்துக்குக் குறைவான கட்டையென்றால் நான் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பேன். கட்டைக்குத் திரும்பிப் போய் அந்த வளையத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

படி 6: மிதக்கும் வரிசையை நங்கூரமிடுவது

சரி, உங்கள் கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. ஆனால் இன்று வரை நீளும் வரிசையோடு ஒட்டவில்லை. இதற்கு மிதக்கும் வரிசை என்று பெயர். உள்ளே வருடத்துக்கு வருடம் துல்லியம், வெளியே எந்தக் காலம் என்று தெரியாது. லாகர் ஸீ மரங்கள் இந்த நிலையில்தான் இருந்தன.

இங்கே கார்பன்-14 வருகிறது. 5,730 ஆண்டில் பாதியாகத் தேயும் இந்தக் கார்பனின் அளவு காற்றில் எப்போதும் ஒரே சீராக இருந்ததில்லை. மேலும் கீழும் அலைந்திருக்கிறது. அதனால் ஒற்றை மாதிரிக்கு வரும் விடை நூறு, இருநூறு ஆண்டு அகலத்தில் பரந்து கிடக்கும். ஆனால் வளையம் எண்ணி, ஒன்றுக்கொன்று சரியாக எத்தனை ஆண்டு இடைவெளி என்று தெரிந்த இருபது மாதிரிகளை அனுப்பினால், இருபதும் சேர்ந்து ஒரு வளைவு வடிவத்தைத் தரும். அந்த வடிவத்தை உலகப் பொது அளவுகோடான இன்ட்கால்20-இன் மேல் நகர்த்தினால் ஓரிடத்தில்தான் சரியாக உட்காரும். அளவுகோட்டின் கடைசி 12,000 சொச்சம் ஆண்டுகளும் மர வளையத்தால் கட்டப்பட்டவைதான். மரத்துக்குத் தேதி சொல்ல மரமே சாட்சி.

அனுப்பும்போது மரத்தை அப்படியே அனுப்பக் கூடாது. பிசின் வளையம் விட்டு வளையம் ஊர்ந்து போகும். அதோடு கார்பனும் போகும். அமிலம், காரம், வெளுப்பான் என்று கழுவிக் கழுவி வெறும் செல்லுலோஸை எடுக்க வேண்டும். பார்க்க வெள்ளைப் பஞ்சு மாதிரி வரும். அதில் சில மில்லிகிராம் போதும்.

இங்கே ஒரு கண்ணி. எரிமலைப் பக்கத்து மரங்கள் பூமிக்குள்ளிருந்து கசியும் கரியமில வாயுவையும் உறிஞ்சும். அந்த வாயுவில் கார்பன்-14 கிடையாது. அதனால் மரம் உண்மையைவிடக் கிழடாகத் தெரியும். லாகர் ஸீ தேதிக்கு எதிராக இதே ஆட்சேபம் எழுந்தது. அதற்குப் பதில் மரத்திலிருந்து வரவில்லை: ஜெர்மனியின் ஒரு குகையில் சொட்டுநீர் வளர்த்த சுண்ணாம்புக் கல்லில், கார்பன் இல்லாத வேறு முறையில் தேதியிட்ட கந்தகத் தடம் கிட்டத்தட்ட அதே வருடத்தில் வந்து நின்றது.

படி 7: சூரியன் வைத்த முத்திரை

2012-இல் ஜப்பானின் ஃபூஸா மியாகே யாகுஷிமா தீவின் பழைய தேவதாரு இனக் கட்டை ஒன்றை வளையம் வளையமாக அளந்தார். கி.பி. 774-க்கும் 775-க்கும் இடையே கார்பன்-14 ஆயிரத்துக்கு 12 பங்கு எகிறியிருந்தது. சூரியனின் வழக்கமான ஏற்ற இறக்கம் தருவதைப் போல் சுமார் 20 மடங்கு. பிறகு உலகின் பல மூலை மரங்களிலும் அதே வளையத்தில் அதே எகிறல் கிடைத்தது. 993-இல் இன்னொன்று, கி.மு. 660-வாக்கில் ஒன்று; பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஓர் ஆற்றங்கரையில் புதைந்த பைன்களில் 14,300 ஆண்டுக்கு முந்தைய மிகப் பெரியது ஒன்று. சூரியனிலிருந்து வந்த துகள் புயல் என்பதே பரவலான கருத்து.

நமக்கு இது வரப்பிரசாதம். மிதக்கும் கட்டைக்குள் இந்த எகிறல் மாட்டினால் நூறாண்டுப் பிழை ஒரே ஆண்டாகச் சுருங்கிவிடும். கனடாவின் லான்ஸ் ஓ மெடோஸில் வைக்கிங்குகள் வெட்டிய மரத்துண்டுகளில் 993-ஆம் ஆண்டு எகிறல் தெரிந்தது. அதிலிருந்து பட்டை வரை 28 வளையம். ஆக, வெட்டியது 1021. இவ்வளவுதான் கணக்கு. உங்கள் கட்டை இப்படி ஒரு முத்திரை விழுந்த காலத்தைத் தாண்டிப்போக வாய்ப்பிருந்தால், சில வளையங்களை ஆண்டுவாரியாக அளக்கச் செலவழிப்பது வீண்போகாது.

படி 8: காலநிலையைப் படிப்பது

இப்போது வருடம் இருக்கிறது. அந்த வருடத்தில் என்ன நடந்தது?

அகலம் மட்டும் பார்த்தால் மரத்தின் ஞாபகம் குறுக்கே வரும். போன வருடம் சேர்த்து வைத்த சத்தில் இந்த வருடம் கொஞ்சம் ஓட்டும். அதனால் அதிர்ச்சி ஓரிரு ஆண்டு பரவித் தெரியும். கோடைக் கடைசியில் போடும் கறுப்புப் பாகத்தின் அடர்த்தியை அளந்தால் அடி விழுந்த வருடமே கூர்மையாகத் தெரியும். வளரும் பருவத்தில் திடீரென உறைபனி விழுந்தால் செல்கள் நசுங்கி, கோணிப்போய், ஒரு பட்டை மாதிரி நிற்கும். இது உறைபனி வளையம். ஆக்சிஜன், கார்பன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) பார்த்தால் மழையும் வறட்சியும் தெரியும்.

எதை அளந்தாலும் முதலில் வானிலைப் பதிவேடு உள்ள காலத்தோடு ஒப்பிட வேண்டும். பாதிப் பதிவேட்டில் கணக்குக் கட்டி, மறுபாதியில் அது பலிக்கிறதா என்று பாருங்கள். அங்கே பலிக்காதது பனியுகத்தில் பலிக்காது.

இன்னொன்று: மரம் 'டப்'பென்று நடந்ததை நன்றாகச் சொல்லும், மெதுவாக நடந்ததை மறைத்துவிடும். வயதுச் சரிவைக் கழிக்கும்போது 500 ஆண்டு மெல்ல ஏறிய வெப்பமும் கூடவே கழிந்துபோகக்கூடும். திடீர் மாற்றங்களுக்கு மரம் நல்ல சாட்சி. நீண்ட போக்குகளுக்கு வேறு சாட்சியும் வையுங்கள்.

படி 9: மற்ற ஆவணங்களோடு கட்டுவது (கி.பி. 536 கதை)

அந்த ஆண்டு முழுக்கச் சூரியன் நிலவைப் போல ஒளி மங்கித் தெரிந்ததாக பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதி வைத்தார். அயர்லாந்து ஓக்குகளில் 536-இல் வளையம் சுருங்குகிறது. கொஞ்சம் தேறி, 540-ஐ ஒட்டி அதைவிட மோசமாக மறுபடி சுருங்குகிறது. எரிமலை என்றால் கிரீன்லாந்துப் பனியில் அமிலப் படிவு இருக்க வேண்டும். பனியில் படிவு இருந்தது, ஆனால் 529-இலும் 534-ஐ ஒட்டியும். மரம் 536, 540 என்கிறது. தேதி ஒட்டாததால் பெல்ஃபாஸ்டின் மர வளைய ஆய்வாளர் மைக் பெய்லி, ஒருவேளை வால்நட்சத்திரச் சிதறல் வந்து மோதியதோ என்றுகூட யோசித்தார். சிலர் சிரித்தார்கள். ஆனால் பனியின் கணக்கில்தான் ஏதோ தப்பு என்றும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

2015-இல் மைக்கேல் சிகல் தலைமையிலான குழு பனிக்கட்டியில் அந்த 774-775 சூரிய முத்திரையைத் தேடியது. முத்திரை இருந்தது, ஆனால் பனிக் கணக்குப்படி 768-இல். பனி அடுக்கு எண்ணியதில் ஏழு ஆண்டு கூடுதலாகச் சேர்ந்துபோயிருந்தது! ஏழைக் கூட்டினால் 529 என்பது 536 ஆகிறது, 533-34 என்பது 540-41 ஆகிறது. மரமும் பனியும் கை குலுக்கிவிட்டன. 536-இல் வட அரைக்கோளத்தில் ஓர் எரிமலை, 540-இல் வெப்பமண்டலத்தில் ஒன்று, 547-இல் மூன்றாவது. அல்தாய், ஆல்ப்ஸ் மலை மரங்களை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு, 536-இல் தொடங்கிய குளிர் சுமார் 660 வரை நீடித்ததாகக் காட்டியது.

இதிலிருந்து செய்முறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: இரண்டு ஆவணங்களை 'பார்த்தால் ஒத்துப்போகிற மாதிரி இருக்கிறது' என்று இழுத்து ஒட்டக் கூடாது. இரண்டிலும் ஒரே நேரத்தில் விழுந்த ஒரு முத்திரை வேண்டும். சாம்பல் கோடு, அமிலப் படிவு, கார்பன்-14 எகிறல் என எதுவாகவும் இருக்கலாம். முத்திரை இல்லாமல் ஒட்டினால் நீங்கள் கண்டுபிடிக்க நினைத்ததையே கண்டுபிடிப்பீர்கள்.

படி 10: காரணம் சொல்வதில் அவசரம் வேண்டாம்

வருடம் சரியாக இருந்தும் ஆள் தப்பாகப் போன கதை ஒன்று. 1984-இல் பிரிசில்கோன் பைன்களின் உறைபனி வளையங்களை ஆராய்ந்த லமார்ஷும் ஹிர்ஷ்போக்கும், கி.மு. 1627-ஐ ஒட்டிய ஒரு வளையத்தை கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவு எரிமலையோடு இணைத்தார்கள். 1988-இல் அயர்லாந்து ஓக்குகளும் கி.மு. 1628-இல் சுருக்கம் காட்டின. எவ்வளவு அழகாகச் சேர்ந்தது! பல ஆண்டு இந்தத் தேதி புழக்கத்தில் இருந்தது. 2022-இல் பனிக்கட்டியில் அந்த வருடத்துச் சாம்பல் துகளையும் கந்தகத்தையும் வேதியியல் முறையில் பார்த்தபோது, அது அலாஸ்காவின் அனியாக்சாக் எரிமலை என்று தெரிந்தது. மரம் பொய் சொல்லவில்லை. அந்த வருடம் குளிர்ந்தது என்று மட்டும்தான் அது சொன்னது. யாரால் என்று நாம்தான் சேர்த்துக்கொண்டோம்.

வருடத்தை எழுதும்போது

கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்யம் கிடையாது. ஆனால் வானியல் கணக்கில் பூஜ்ய ஆண்டு உண்டு. இரண்டையும் குழப்பினால் ஒரு வருடம் தப்பும். 'இன்றைக்கு முன்' என்றால் 1950-லிருந்து பின்னோக்கி. பனிக்கட்டி ஆய்வாளர்கள் 2000-லிருந்து எண்ணுவார்கள். 12,807 என்பதையும் கிரீன்லாந்து எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் 50 ஆண்டு பொய் வித்தியாசம் முளைக்கும். தென் அரைக்கோளத்தில் ஒரே வளையம் இரண்டு காலண்டர் ஆண்டில் வளரும். வளரத் தொடங்கிய ஆண்டைக் கொடுப்பதே வழக்கம்.

நம் பக்கத்து மரங்கள்

வேம்பையோ மாமரத்தையோ வெட்டிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. ஆண்டு முழுக்க வெதுவெதுப்பான ஊரில் மரத்துக்கு நின்று மூச்சுவிடக் காரணம் இல்லை, வளையம் தெளிவாக இராது. தேக்கு விதிவிலக்கு. இலை உதிர்த்து ஓய்வெடுப்பதால் எல்லை தெளிவாக விழும். புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தினர் கேரளத் தேக்குகளிலிருந்து 523 ஆண்டு வரிசை ஒன்றை 2010-இல் வெளியிட்டார்கள். அதில் குறுகிய வளையங்கள் எல் நினோவோடு வந்த பருவமழைப் பொய்ப்புகளோடு பொருந்தின. அதே 2010-இல் எட்வர்ட் குக் குழுவினர் ஆசியாவெங்கும் 300-க்கும் மேற்பட்ட மர வரிசைகளைச் சேர்த்து, கடந்த 700 ஆண்டுப் பருவமழை வறட்சியை வரைபடமாக்கினார்கள். அதில் தனித்துத் தெரியும் வறட்சிகளில் ஒன்று 1876-78. நம் பாட்டிமார் சொன்ன தாது வருஷப் பஞ்சம்.

கடைசி வேலை: கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

அளந்து முடித்த கட்டைக்கு எண் போட்டு, அளவுத் தாளோடு சேர்த்து, இருட்டான, ஈரம் ஏறாத அறையில் வையுங்கள். ஈரக் கட்டையென்றால் பிளாஸ்டிக் உறையோடு குளிர் அறையில். ஆண்டுவாரியாகக் கார்பன்-14 அளப்பது ஒரு காலத்தில் யாருக்கும் தோன்றாத செலவு. இன்று பழைய சேமிப்பு அறைகளிலிருந்து எடுத்த கட்டைகளில்தான் பல சூரிய முத்திரைகளைத் தேடுகிறார்கள். உறையின் மேல் எழுதும்போது பேனா வேண்டாம், மை ஈரத்தில் கரைந்துவிடும். பென்சிலால் எழுதி, அதே எண்ணைக் கட்டையின் முதுகிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.